அந்தக் குட்டி நம்பர்

எங்கள் வீட்டுக் கூடத்தில் தம்பியின் காதுகுத்துப் படம் ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. மொட்டைத் தலையில் சந்தனம் வழிய, வாயைப் பிளந்து அழுகிறான் தம்பி. அவனை மடியில் வைத்திருக்கும் மாமா, பட்டு வேட்டி, மாலை எல்லாம் முறையாகப் போட்டுக்கொண்டு, கண்ணில் மட்டும் கறுப்புக் கூலிங்கிளாஸோடு உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்குப் புதிதாக வருகிற யாரும் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்காமல் போனதில்லை. சிரித்து முடித்ததும் இவர் யார் என்று கேட்பார்கள். அம்மா உடனே அடுப்படிக்குள் போய்விடுவாள். பதில் சொல்வது என் வேலை.

அம்மாவுக்கு ஒரே தம்பி அவர். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கடையில் எடை போடும் வேலை பார்த்தார். பத்தாவது வரை படித்தவர். கூடையைத் தூக்கிப் பார்த்தே இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார், தராசு அதற்குப் பிறகு ஒத்துக்கொள்ளும். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு பொட்டலம் உதிரி மல்லி கொண்டுவருவார். பசுமலையில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த என்னை 'வாத்தியாரம்மா' என்று கூப்பிடுவார். கேலிதான், ஆனாலும் எனக்கு அது பிடித்திருந்தது.

நான் ஒன்பதாவதுக்குப் போன வருஷம் வைகாசியில் மாமாவின் ஈரலில் கிருமி இருப்பதாகச் சொன்னார்கள். வந்துவிட்டுப் போகிற காமாலை இல்லை. ரத்தத்தில் குடியிருந்து ஈரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிற வகை. தினம் ஒரு மாத்திரை, நிறுத்தவே கூடாது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கிருமி எவ்வளவு இருக்கிறது என்று ரத்தத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். மாமாவுக்குப் பேசி முடித்திருந்த பெண் வீட்டில் அந்த வாரமே வேறு மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். அம்மா மட்டும் சளைக்கவில்லை. தன் தம்பியைப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் ரிப்போர்ட் பிரிப்பது ஒரு சடங்கு. லேபிலிருந்து வந்த கவரை அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைப்பாள். திருநீறு எடுத்து அதன் மேல் மூன்று கோடு இழுப்பாள். பிறகு என்னைக் கூப்பிடுவாள். அப்பா பழைய பதினொன்றாம் வகுப்பு, அம்மா எட்டாவது. மாமாவுக்கு இங்கிலீஷைக் கண்டாலே சிரிப்பு வரும். ஆக, சீருடையைக்கூட மாற்றாமல் கூடத்தின் நடுவில் நின்று நான் வாசிப்பேன். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த மரியாதைக்கு நான் பழகிப்போயிருந்தேன்.

முதல் ரிப்போர்ட்டில் 3.1 × 10⁷ என்று போட்டிருந்தது. "மூனு புள்ளி ஒன்னு" என்று வாசித்தேன்.

"மூனுதானா?" என்று அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். கிருமியில் பத்தில் ஒரு பங்கு எப்படித் தனியாக உயிர் வாழும் என்று அந்தக் கூடத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மாமா மூன்று மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டார். ஆவணியில் இரண்டாவது ரிப்போர்ட் வந்தது. 9.8 × 10⁴. "ஒம்போது புள்ளி எட்டு" என்று வாசித்தேன். மூன்று ஒன்பதாகிவிட்டது. மாத்திரையைத் தின்னத் தின்ன நோய் மூன்று மடங்காகியிருக்கிறது என்றால் அது என்ன மாத்திரை? அம்மா தாளை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, ஆனால் கண் கூர்மை.

"பக்கத்துல குட்டியா ஏதோ நம்பர் போட்டுருக்கே, அது என்னது?"

"அது லேப்காரங்க போடுறதும்மா. அதுக்கும் இதுக்கும் ஒன்னும் இல்ல" என்றேன்.

சத்தியமாக எனக்குத் தெரியாது. எடைக்குப் பக்கத்தில் கிலோ என்று போடுவதுபோல அதுவும் ஏதோ ஒரு அளவின் பெயர் என்று நினைத்தேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியாது என்ற வார்த்தை எனக்கு வராது.

டாக்டரிடம் காட்ட வேண்டிய தேதிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளில் எல்லாம் முடிவாகிவிட்டது. மேற்கே ஒரு ஊரில் காமாலைக்குப் பச்சிலை கொடுக்கிறவர் இருப்பதாக அப்பாவின் கூட்டாளி சொன்னார். வெறும் வயிற்றில் மோரில் கலந்து ஒரு மண்டலம் குடிக்க வேண்டும். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, இங்கிலீஷ் மருந்து வீட்டிலேயே இருக்கக் கூடாது. அம்மா மிச்ச மாத்திரை அட்டைகளைக் கொண்டுபோய்க் கண்மாயில் போட்டுவிட்டு வந்தாள். தம்பிக்குக் காது குத்தி முடிகிற வரைக்கும் இங்கிலீஷ் மருந்தைத் தொடுவதில்லை என்று குலசாமி மேல் மாமாவிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். மாமா உப்பில்லாத சோற்றை உருட்டிக்கொண்டே, "இதுக்கு அந்த மாத்திரையே தேவலக்கா, ருசியாவாச்சும் இருந்துச்சு" என்பார். அம்மா கரண்டியை ஓங்குவாள்.

அம்மாவுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. தம்பிக்கு மூன்று வயது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். எனக்கு அப்படித்தான் குத்தினார்கள். நான் கடித்ததில் மாமாவின் கட்டைவிரலில் ஒரு தழும்பு இருந்தது. ஆனால் அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, ஒரே பிடியாக நின்றாள். "சீக்குக்காரன் மடியில எங்க வீட்டுப் பிள்ளைய வைக்க விடமாட்டேன். உங்க சொந்தத்துல அண்ணன் தம்பி மொறைக்கு வேற ஆளா இல்ல?" என்று அம்மாவின் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள். அப்போது திண்ணையில் தம்பியோடு விளையாடிக்கொண்டிருந்த மாமா, அவனை மெதுவாக இறக்கிவிட்டு எழுந்து போனார். தம்பி பின்னாலேயே ஓடினான். அதற்குப் பிறகு அவனைத் தூக்கும்போதெல்லாம் மாமா தோளில் ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொண்டார்.

மண்டலம் முடிந்ததும், ஐப்பசியில் மறுபடி ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். மூன்றாவது கவருக்கு அம்மா திருநீறோடு குங்குமமும் வைத்தாள். நான் பிரித்தேன். 2.4 × 10⁶.

"ரெண்டு புள்ளி நாலு!"

என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்பா மாமாவின் முதுகில் தட்டி, "மாப்ள, பொழச்சுக்கிட்டடா" என்றார். அத்தைக்குப் போன் பறந்தது. ஒன்பதிலிருந்து இரண்டுக்கு வந்துவிட்டது என்றதும் அத்தையும் இறங்கிவந்தாள். கார்த்திகையில் காதுகுத்து என்று நாள் குறித்தார்கள். மாமாதான் மடி. அத்தனை மாதத்தில் அன்றுதான் எங்கள் வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

அதற்கடுத்த வாரம்தான் பள்ளியில் அந்தப் பாடம் வந்தது. மிகப் பெரிய எண்களைச் சுருக்கி எழுதும் முறை. முன்னால் ஒரு சின்ன எண், பக்கத்தில் பத்து, பத்தின் தலைமேல் அடுக்கு. பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்ட வேண்டும், வகுக்கும்போது கழிக்க வேண்டும். "முன்னாடி நிக்கிற நம்பரைப் பாத்து ஏமாந்துறாதீங்க. அவன் எடுபிடி. மேல குட்டியா உக்காந்துருக்கான் பாருங்க, அவன்தான் மொதலாளி" என்றார் கணக்கு டீச்சர். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து சாமி அலமாரியிலிருந்து மூன்று ரிப்போர்ட்டையும் எடுத்தேன். ரஃப் நோட்டில் போட்டேன். முதலாவதை இரண்டாவதால் வகுத்தேன். 3.1-ஐ 9.8-ஆல் வகுத்தால் 0.316. ஏழிலிருந்து நாலு போனால் மூன்று. முன்னூற்றுப் பதினாறு. மாத்திரை சாப்பிட்ட மூன்று மாதத்தில் கிருமி முன்னூற்றுப் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. பிறகு மூன்றாவதை இரண்டாவதால் வகுத்தேன். ஆறிலிருந்து நாலு போனால் இரண்டு. இருபத்து நாலரை. பச்சிலை குடித்த நாட்களில் அது இருபத்து நாலரை மடங்காக ஏறியிருந்தது. தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் சரியாகவே வந்தது.

மாமா மொட்டை மாடியில் இருந்தார். சாயங்கால வெயில் திருப்பரங்குன்றம் மலைமேல் இறங்கிக்கொண்டிருந்தது. காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவரிடம் நோட்டை நீட்டினேன். வாய் குழறச் சொன்னேன். மூன்றுதான் பெரியது, ஒன்பது சின்னது, இரண்டு மறுபடி பெரியது என்று. அவர் நோட்டை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். அடுக்கைக் கழித்த இடத்தில் விரல் நின்றது. எடை போடுகிறவருக்கு எண் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

"அப்ப, மொத்த ஒடம்புக்கும் எம்புட்டு இருக்கும்?" என்று கேட்டார்.

அவர் அதைக் கேட்டதில் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இப்போது நினைத்தால் கூசுகிறது. ஒரு மில்லிக்கு 2.4 × 10⁶. உடம்பில் ரத்தம் ஐந்து லிட்டர், அதாவது 5 × 10³ மில்லி. பெருக்கு. இரண்டு புள்ளி நாலை ஐந்தால் பெருக்கினால் பன்னிரண்டு, ஆறும் மூன்றும் ஒன்பது. அதைத் திருத்தி எழுதினால் 1.2 × 10¹⁰. "ஆயிரத்து இருநூறு கோடி மாமா" என்றேன், பரீட்சையில் விடை சொல்கிறவள்போல.

மாமா சிரித்தார். "உலகத்துச் சனத்தையெல்லாம் கூட்டுனாலும் அம்புட்டு வராதே தாயி. அத்தன பேரும் ஓசியில குடியிருக்காய்ங்க, பாரு."

நான் அழ ஆரம்பித்தேன். "அந்தக் குட்டி நம்பர் ஒன்னுமில்லன்னு நான்தான் மாமா சொன்னேன். அம்மா கேட்டாங்க. நான்தான் சொன்னேன்."

மாமா மடித்த துணியைக் கீழே வைத்தார். பிறகு சாவகாசமாக, "நீயா சொன்ன? அது நான்ல சொன்னேன்" என்றார்.

"இல்ல மாமா, நான்தான்."

"வாசிச்சது நீ. அது லேப்காரங்க போடுறதுன்னு சொன்னது நானு. நல்லா யோசிச்சுப் பாரு."

நான் மறுத்தேன், அவர் விடவில்லை. கடைசியில் நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"காதுகுத்துக்கு இன்னும் எத்தன நாளு?"

"பன்னெண்டு."

"இப்பச் சொன்னா உங்க அத்த என்ன செய்யும்? வேற ஆள் மடியில மாப்ளய ஒக்கார வச்சிரும். பன்னெண்டு நாளு பொறுத்துக்க பாப்பா. மறுநாளே நான் போயிருவேன். அக்காட்டயும் அதுவரைக்கும் சத்தியம் பண்ணிருக்கேன்." நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நான் ஒத்துக்கொண்டேன். மாமாவுக்காகத்தான் ஒத்துக்கொண்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அது மட்டும் இல்லை. கூடத்தின் நடுவில் நின்று, நான் வாசித்தது எல்லாமே தப்பு என்று சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. பன்னிரண்டு நாள் தள்ளிப்போகிறது என்றதும் எனக்கு மூச்சு வந்தது.

அந்தப் பன்னிரண்டு நாளும் வீடு கல்யாண வீடுபோல இருந்தது. அம்மா பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பலகாரம் சுட்டாள். மாமா தாய்மாமன் சீருக்குத் தட்டு எண்ணினார், மார்க்கெட்டில் சொல்லிவைத்து மாலைக்கு ஏற்பாடு செய்தார். நடுவில் இரண்டு நாள் காய்ச்சல் என்று படுத்திருந்தார். சோறு இறங்கவில்லை. அலைச்சல் என்றாள் அம்மா. நான் தினமும் நாட்காட்டியில் தாள் கிழித்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

காதுகுத்தன்று காலையில் மாமா கூலிங்கிளாஸோடு கோவிலுக்குப் போகிற வேனில் ஏறினார். எல்லோரும் அவரைக் கேலி செய்தார்கள். "என்னடா மாப்ள, பொண்ணு வீட்டுக்காரங்க யாரும் வாராங்களா?" என்று அப்பா கேட்டார். "ஆமா மச்சான், இன்னிக்கி எவளாச்சும் சிக்காமயா போயிருவா" என்றார் மாமா. நான் ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன் என்று கை நீட்டினேன். "வீட்டுக்குப் போய்த் தாரேன்" என்று தலையைத் திருப்பிக்கொண்டார். அவர் எனக்கு இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம்கூட வந்தது.

தொடையில் துண்டை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் தம்பியை வைத்துக்கொண்டார். ஆசாரி ஊசியை எடுத்ததும் தம்பி வீறிட்டான். மாமா அவன் நெற்றியைத் தன் உள்ளங்கையால் மெதுவாகப் பிடித்துக்கொண்டு, "முடிஞ்சுபோச்சுடா மாப்ள, முடிஞ்சுபோச்சு" என்றார். அத்தைகூட முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கூலிங்கிளாஸுக்குக் கீழே மாமாவின் கன்னத்திலும் தண்ணீர் இறங்கியது. போட்டோக்காரர் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். மாமா கழற்றவில்லை.

மறுநாள் அவர் டாக்டரிடம் நடந்து போகவில்லை. காலையில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தவரின் கண்ணைத் திறந்து பார்த்த அம்மா அலறினாள். முட்டை மஞ்சள் கருவின் நிறம். எத்தனை நாளாக அப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

டாக்டர் மூன்று ரிப்போர்ட்டையும் வரிசையாகப் பரப்பினார். இரண்டாவதைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "இவ்வளவு நல்லாக் கொறஞ்சுக்கிட்டு வந்துருக்கு. யாரு மாத்திரைய நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டார். சட்டென்று நிறுத்தினால் கிருமி வெறிகொண்டு திரும்பும், ஈரல் தாங்காது என்றும் சொன்னார். அம்மாவுக்குப் புரியவில்லை. ஒன்பது எப்படிக் குறைந்தது என்று கேட்டாள். டாக்டர் பேனாவால் அந்தக் குட்டி எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார். நான் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா திரும்பினால் முதலில் என்னைத்தான் பார்ப்பாள் என்று நினைத்தேன்.

"நாந்தான் சார்" என்றார் மாமா, படுத்தபடியே. "பிள்ள சரியாத்தான் வாசிச்சுச்சு. அந்தக் குட்டி நம்பர் ஒன்னுமில்ல, லேப்காரங்க போடுறதுன்னு வீட்டுல சொன்னது நானு."

அம்மா அவரைத்தான் பார்த்தாள். பத்தாவது படித்த தம்பி சொன்னால் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நம்பினாள். பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும் மாமா அதையே சொன்னார். அத்தையிடம் சொன்னார், மார்க்கெட்டிலிருந்து வந்தவர்களிடம் சொன்னார். சொல்லச் சொல்ல அது எங்கள் வீட்டில் நடந்த விஷயமாகவே ஆகிவிட்டது. மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார்கள். தை பிறந்து ஒரு வாரத்தில் மாமா இறந்துபோனார்.

அந்தப் பன்னிரண்டு நாளுக்கு முன்பே போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று, வளர்ந்த பிறகு, தெரிந்த ஒரு டாக்டரிடம் யாருடைய கதையையோ சொல்வதுபோலக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அது எனக்கு எந்த வகையிலும் உதவவில்லை. பதினொன்றாம் வகுப்பில் நான் கணக்கு இல்லாத குரூப்பைக் கேட்டு வாங்கினேன். இவ்வளவு நல்ல மார்க் வைத்துக்கொண்டு ஏன் என்று எல்லோரும் கேட்டார்கள்.

அம்மாவுக்கு வயதாகிவிட்டது. படத்தைத் துடைக்கும்போதெல்லாம் மாமாவைத் திட்டுவாள். "படிச்சவன்னு நம்புனேன். ஒன்னுமில்லன்னு சொல்லிட்டானே பாவி, ஒன்னுமில்லன்னு சொல்லிட்டானே" என்று கண்ணாடியை அழுத்தித் துடைப்பாள். நான் பக்கத்திலேயே நிற்பேன். சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். துணியை வாங்கி மிச்சத்தைத் துடைத்துவிட்டு வந்துவிடுவேன்.

அன்று ஆஸ்பத்திரியில் மாமா அப்படிச் சொன்னபோது, கட்டில் கம்பியைப் பிடித்திருந்த என் கை தளர்ந்தது. தப்பித்துவிட்டேன் என்று சந்தோஷமாக இருந்தது. மொட்டை மாடியில் சொன்னதையே திரும்பச் சொல்கிறாரே, நோயில் மாமாவுக்கு ஞாபகம் பிசகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். யார் சொன்னது என்றுகூட நினைவில்லாமல் போய்விட்டதே என்று அவருக்காகக் கொஞ்சம் பரிதாபப்படவும் செய்தேன்.